எண்ணெய் குடித்த மண்ணுக்கு வேர் வைத்தியம்

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் நாட்டுப்படகு வைத்திருக்கிறாராம். எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வந்து வீட்டுக் கொல்லையில் வைத்துத்தான் பழுது பார்ப்பார். வடித்த பழைய ஆயிலை அங்கேயே மண்ணில் ஊற்றிவிடுவது பல வருஷப் பழக்கம்.

"அந்த எடத்துல புல்லுகூட மொளைக்க மாட்டேங்குது அக்கா. பக்கத்துல நின்ன முருங்கையும் பட்டுப்போச்சு. ஒன்றரை வயசுப் பிள்ளை அங்கதான் போய் மண்ணை அள்ளுது. செடி வச்சா எண்ணெய் மண்ணு சுத்தமாயிரும்னு சொல்றாங்களே, நெசமா? என்ன செடி வைக்கட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

நிஜம்தான் சகோதரி. ஆனால் பாதி நிஜம். மீதிப் பாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்கும், உங்களைப்போல் ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் குடித்தனம் நடத்தும் மற்றவர்களுக்கும் உபயோகப்படும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புல் ஏன் முளைக்கவில்லை?

எண்ணெய் விஷம், அதனால் செடி செத்துப்போகிறது என்று நினைக்கிறோம். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் தாகம். ஒரு சொம்புத் தண்ணீரை அந்த இடத்தில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். தாமரை இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக நிற்கும்; சட்டென்று உள்ளே இறங்காது. மணலின் ஒவ்வொரு பொடியையும் எண்ணெய் பூசி மூடியிருக்கிறது. மண் இடுக்கில் இருக்கவேண்டிய காற்றும் போய்விட்டது. தண்ணீரும் காற்றும் கிடைக்காத வேர் என்ன செய்யும்? மழை பெய்தாலும் அந்தச் செடிக்குப் பஞ்சம்தான்.

மூன்றாவது காரணம் பட்டினி. எண்ணெயில் இருப்பது பெரும்பாலும் கார்பன் என்கிற கரிச்சத்து. மண்ணில் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் நுண்ணுயிர்களில் சில வகைகள் அந்தக் கரிச்சத்தையே சாப்பிட்டு வாழக்கூடியவை. எண்ணெய் வந்ததும் அவை பெருகப் பார்க்கும். பெருகுவதற்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். எண்ணெயில் அவை மிகக் குறைவு. ஆகவே மண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்சத்தையும் அவை எடுத்துக்கொண்டுவிடும். தப்பித் தவறி முளைத்த செடியும் மஞ்சள் பூத்து நிற்பது இதனால்தான்.

ஒரு மூட்டை அரிசி மாவை மட்டும் கொடுத்து இட்லி வார்க்கச் சொன்னால் முடியுமா? உளுந்து வேண்டும், அளவாகத் தண்ணீர் வேண்டும், புளிக்க நேரம் வேண்டும். எண்ணெய் மண்ணின் கதையும் அதுதான். கரிச்சத்து ஏராளம், மற்றதெல்லாம் பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறையைத் தீர்த்துவிட்டால் நுண்ணுயிர்கள் தாமாகவே வேலையைத் தொடங்கிவிடும்.

குவைத்தில் கண்ட வெள்ளை வேர்

ராமநாதபுரம் மாவட்டத்தில் குவைத்துக்கோ, சவூதிக்கோ, துபாய்க்கோ ஆள் போகாத தெரு குறைவு. 1991இல் வளைகுடாப் போர் நடந்தபோது ஊரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். அப்போது குவைத்தின் எண்ணெய்க் கிணறுகளில் 600க்கும் மேற்பட்டவை கொளுத்தப்பட்டன. கடைசித் தீயை அணைக்க அந்த வருஷம் நவம்பர் மாதம் ஆகிவிட்டது. பீறிட்டு வந்த கச்சா எண்ணெய் பாலைவனத்தில் ஏரி ஏரியாகத் தேங்கிக் கிடந்தது.

அந்த எண்ணெய் மண்ணிலும் சில காட்டுச் செடிகள் முளைத்தன. குவைத் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் அவற்றைப் பிடுங்கிப் பார்த்தார்கள். சுற்றியிருந்த மண் கன்னங்கரேல் என்றிருந்தது. வேரோ வெள்ளை வெளேர் என்று சுத்தமாக வந்தது! பரிசோதித்தபோது அந்த வேர்களின் மேல் எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாக ஒட்டியிருப்பது தெரிந்தது. 1995இல் 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் இதை எழுதினார்கள். அந்தச் செடிகளில் ஒன்று நம் சாமந்தி, சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆக, எண்ணெயைச் சுத்தம் செய்வது முக்கியமாகச் செடி அல்ல. அதன் வேரைச் சுற்றிக் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். செடி தன் இலையில் தயாரித்த சர்க்கரைச் சத்தில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணில் கசியவிடுகிறது. அதைத் தின்ன இவை கூடுகின்றன. வேர் மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும்போது காற்றும் உள்ளே நுழைகிறது. சோறு போடுவது வேர், உழைப்பது இவை. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று சொல்வார்களே, கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டத்துக்கும் அது பொருந்தும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டீசலும் ஆயிலும் இப்படி மண்ணிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாறக்கூடியவை. உலோகம் அப்படியல்ல. அது சிதையாது, செடிக்குள் ஏறி இலையிலும் தண்டிலும் சேரலாம். எஞ்சினில் ஓடிக் கருத்துப்போன பழைய ஆயிலில், தேய்ந்த எஞ்சினிலிருந்து வந்த உலோகத் துகள்களும் கலந்திருக்கும். ஆகவே இந்த மண்ணில் வளரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. கீரை கூடாது, முருங்கை கூடாது, வாழையிலைகூட வேண்டாம். ஆடு மாடும் மேயக் கூடாது.

என்ன செடி வைக்கலாம்?

சல்லி வேர் நிறைய விடும் புல் வகைகள்தான் இந்த வேலைக்கு முதல்தரம். வேர் எவ்வளவு நெருக்கமாக வலை பின்னுகிறதோ, நுண்ணுயிர்களுக்கு அவ்வளவு இடம். நம் பக்கத்து உப்பு மண்ணைத் தாங்கும் அருகம்புல் போதும். செலவு கிடையாது, வேலி ஓரத்திலிருந்து பிடுங்கி நட்டால் பற்றிக்கொள்ளும்.

அதோடு பயறு வகைப் பசுந்தாள் செடி ஒன்று சேர்ந்தால் நல்லது. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பது அதன் குணம். சணப்பை போடலாம். உப்பும் களரும் உள்ள இடத்தில் தக்கைப்பூண்டு இன்னும் நன்றாக வரும்.

வெட்டிவேரைப் பற்றியும் கேட்பீர்கள். உலகம் முழுக்க அதை நம் தமிழ்ப் பெயரால்தான் அழைக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை. வேர் ஆளுயரத்துக்கும் மேல் ஆழமாக இறங்கி மண்ணை இறுகப் பிடிக்கும். வெனிசுவேலா நாட்டில் கச்சா எண்ணெய் கலந்த மண்ணில் இதை நட்டுப் பார்த்தார்கள். வளர்ச்சி குறைந்தாலும் சாகாமல் தாக்குப்பிடித்தது. ஆனால் எண்ணெயைக் குறைப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனவே மழைநீரில் மண் அரித்துப் போகாமலிருக்க ஓரத்தில் வரிசையாக வெட்டிவேர், நடுவில் அருகம்புல்லும் தக்கைப்பூண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சீமைக்கருவேலம் எந்த மண்ணுலயும் வளருதே, அதையே விட்டுவிட்டா என்ன?" என்று ஒரு மாமி கேட்டார். வளருகிறது என்பதாலேயே சுத்தம் செய்கிறது என்று அர்த்தமில்லை. தண்ணீர்ப் பஞ்சமுள்ள நம் மாவட்டத்தில் அதை வீட்டுக் கொல்லைக்கும் அழைத்துவர வேண்டாம்.

எப்படிச் செய்வது?

முதலில் ஆயில் ஊற்றுவதை அடியோடு நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் ஊற்றிக்கொண்டே மறுபக்கம் செடி நடுவதில் பிரயோசனமில்லை. அந்த இடத்தைச் சுற்றி ஓலை வேலி கட்டிவிடுங்கள். பிள்ளை உள்ளே போகக் கூடாது.

அடுத்து, ஈரமாகப் பளபளக்கும் இடத்தில் மரத்தூளோ உமியோ போட்டு எண்ணெயை உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். தார்போல் ஒட்டும் மேல்மண்ணையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். இதையெல்லாம் குப்பைக்குழியில் கொட்டவோ கொளுத்தவோ கூடாது. மூடியுள்ள டிரம்மில் போட்டு மழை படாமல் வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று ஊராட்சியிலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலோ கேளுங்கள். கையில் ரப்பர் உறை போட்டுக்கொள்வது அவசியம். கையில் பட்டுவிட்டால் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கை கழுவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பழைய ஆயில் வருஷக் கணக்கில் தோலில் பட்டுக்கொண்டிருந்தால் புற்றுநோய்கூட வரலாம் என்று எச்சரிக்கிறார்கள்.

மிச்சமிருக்கும் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, நாலு கூடை மண்ணுக்கு ஒரு கூடை என்ற கைக்கணக்கில் நன்றாக மக்கிய சாணி எருவும் தென்னை நார்க் கழிவும் கலந்துவிடுங்கள். எரு தழைச்சத்தைக் கொடுக்கும்; நார்க் கழிவு மண்ணைப் பொலபொலவென்று வைத்து ஈரத்தையும் காக்கும். தண்ணீர் தெளித்தால் போதும். பிடித்தால் பிடிபட வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. புட்டுக்கு மாவு பிசிறுகிற பதம். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். காற்றுப் பட்டால்தான் வேலை நடக்கும். இரண்டு மாதம் இப்படி விடுங்கள்.

பிறகு ஒரு பரிசோதனை. இரண்டு தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நல்ல மண், இன்னொன்றில் இந்த மண். இரண்டிலும் பத்துப் பத்துப் பச்சைப்பயறு போட்டு ஒரு வாரம் பாருங்கள். நல்ல மண்ணில் ஒன்பது முளைத்து இதில் இரண்டு முளைத்தால் இன்னும் கிளற வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தால் புல்லையும் தக்கைப்பூண்டையும் நடலாம். இந்த முளைப்பயற்றைத் தின்ன வேண்டாம், பிடுங்கி அந்த மண்ணிலேயே போட்டுவிடுங்கள்.

எத்தனை நாள் ஆகும்? டீசல், மண்ணெண்ணெய் சிந்திய இடமென்றால் ஓரிரு பருவத்தில் நல்ல மாற்றம் தெரியும். எஞ்சின் ஆயில் கெட்டியானது; வருஷங்கள் பிடிக்கும். பொறுமை வேண்டும். ஊற்றிய தண்ணீர் உடனே உள்ளே இறங்குகிறது, வாடை போய்விட்டது, பயறு நன்றாக முளைக்கிறது என்றால் மண் தேறிவருகிறது. அப்போதும் அங்கே கனகாம்பரமோ செம்பருத்தியோ வையுங்கள், காய்கறி வேண்டாம். பிள்ளை நடமாடுகிற இடமானால் மேலே ஒரு சாண் நல்ல மணல் பரப்பிவிடுங்கள்.

சோப்புத் தூள் கரைத்து ஊற்றி எண்ணெயைக் கழுவிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சோப்பு எண்ணெயைக் கரைத்து இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். கீழே என்ன இருக்கிறது என்பதை யோசிக்க வேண்டும்.

கீழே இருப்பது நம் குடிதண்ணீர்

நான் சொன்ன மீதிப் பாதி நிஜம் இதுதான். கடற்கரை மணலில், முக்கியமாக ராமேஸ்வரம் தீவு மாதிரி இடங்களில், கொஞ்ச ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. அது மணலில் இறங்கிய மழைத் தண்ணீர். அதற்கும் கீழே கடலின் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் லேசானது என்பதால் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் பெண்கள் மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுப்பது இந்த அடுக்கிலிருந்துதான்.

இப்போது மேலே ஆயிலை ஊற்றினால்? அது இன்னும் லேசானது. மணல் வழியாக இறங்கி, நல்ல தண்ணீரின் மேல் ஆடைபோல் படரும். கிணற்றில் வாளியை விட்டால் முதலில் படுவது அந்த மேல்தண்ணீர்தான். அடியில் உப்பு, மேலே எண்ணெய், நடுவில் நம் குடிதண்ணீர்! அருகம்புல்லின் வேர் அந்த ஆழத்தில் போய் என்ன செய்ய முடியும்? மேல்மண்ணுக்குத்தான் வேர் வைத்தியம். கிணற்றுக்குள் போய்விட்டால் அது கைகொடுக்காது.

நமக்கு எதிர்க்கரையான யாழ்ப்பாணத்தில் நடந்ததைக் கேளுங்கள். சுன்னாகத்தில் டீசல் மின்நிலையங்கள் இருந்த பகுதியில் வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் பிரச்சினையாயிற்று. அது சுண்ணாம்புக்கல் பூமி. வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் ஓடும் இடத்தில் எண்ணெயும் ஓடும். தலைமுறை தலைமுறையாக இறைத்துக் குடித்த கிணறு முற்றத்திலேயே இருக்க, பெண்கள் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தார்கள். வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2019 ஏப்ரலில், மின்சாரம் தயாரித்த கம்பெனி 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பணம் வரும், பழைய தண்ணீர் எப்போது வரும்?

உங்கள் கிணற்றுத் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை அடித்தாலோ, மேலே வானவில் நிறத்தில் படலம் மிதந்தாலோ, அன்றே குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள். காய்ச்சினாலும் படிகாரம் போட்டாலும் துணியில் வடிகட்டினாலும் சரியாகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே கேட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி தண்ணீர் எடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அலையாத்தியும் தாங்காது

"செடிதான் சுத்தம் பண்ணுதே, கடலோரத்துல அலையாத்தி மரம் நட்டா துறைமுகத்து எண்ணெய் போயிருமா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். காரங்காட்டில் படகில் போய் அலையாத்திக் காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அவை மரத்தின் மூச்சு வேர்கள். எண்ணெய் வந்து அப்பிக்கொண்டால் மரத்துக்கு மூச்சு முட்டிவிடும். காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்களும் மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். 1986இல் பனாமா நாட்டில் சேமிப்புத் தொட்டி உடைந்து கச்சா எண்ணெய் அலையாத்திக் காட்டில் புகுந்தது. மரங்கள் செத்தன. பல வருஷங்களுக்குப் பிறகும் சேற்றிலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது.

நம் எண்ணூரிலும் பார்த்தோமே. 2017 ஜனவரி 28ஆம் தேதி இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியபோது வாளி வாளியாக ஆட்கள்தான் அள்ளினார்கள். அள்ளிய கசடை நுண்ணுயிர்களை விட்டுச் சிதைக்கத் துறைமுக வளாகத்தில் ஏற்பாடு செய்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியபோது வலையும் படகும் அலையாத்தியும் கருத்துப்போயின. முதலில் அள்ள வேண்டும். மிச்சத்துக்குத்தான் நுண்ணுயிரும் செடியும். கொல்லைக்கும் கடலுக்கும் இதே முறைதான்.

ஒரு கேன், ஒரு புனல்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை ஒரு கணக்குச் சொல்கிறது. ஒரு காருக்கு ஒருமுறை ஆயில் மாற்றும்போது வடிக்கிற பழைய ஆயில், 10 லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதுமாம். நம் கணக்கில் சுமார் 38 லட்சம் லிட்டர். ஊருணித் தண்ணீரைக் குடம் குடமாக எண்ணிச் செலவழிக்கிற நம் மாவட்டத்தில் இதை நினைத்தாலே பகீரென்கிறது.

ஆகவே ஆயில் மாற்றும் இடத்தில் ஒரு பழைய தார்ப்பாயும் தட்டும் விரித்து வைக்கச் சொல்லுங்கள். புனல் வைத்து மூடியுள்ள கேனில் வடித்து, அதன்மேல் பெரிய எழுத்தில் 'கழிவு ஆயில்' என்று எழுதுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்கக் கூடாது. பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேன் நிறைந்ததும் அனுமதி பெற்ற வியாபாரிக்கு விற்கலாம். பெரிய மெக்கானிக் கடைகளில் கேட்டால் யார் வாங்குகிறார்கள் என்று சொல்வார்கள். பழைய ஆயில் அரசின் 2016ஆம் ஆண்டு விதிப்படி அபாயக் கழிவு. அதைத் திரும்பச் சேகரித்துச் சுத்திகரிக்கும் பொறுப்பு, 2024 ஏப்ரலிலிருந்து ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளின் மேலும் சுமத்தப்பட்டிருக்கிறது. நமக்குக் குப்பை என்பது அவர்களுக்குச் சரக்கு. பிறகு எதற்காக மண்ணில் ஊற்ற வேண்டும்? கரையானுக்கென்று சுவரோரம் ஊற்றுவதையும் இதோடு விட்டுவிடலாம்.

படகு ஆண்களுடையதாக இருக்கலாம். கொல்லையும் கிணறும் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கின்றன. "இங்கிட்டு ஊத்தாதீங்க, இந்தா கேன்" என்று நீட்டுகிற கை நம்முடையதாக இருக்கட்டும். ஓரிரு முறை முணுமுணுப்பார்கள். கேன் நிறைந்து கையில் நாலு காசு வந்தால் அப்புறம் அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

அடுத்த இதழில், உப்புத் தண்ணீர் பாய்ந்த கொல்லையில் என்னென்ன கீரை வரும் என்று பார்க்கலாம். உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.